நாள்வழியும் மனவழியும்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுத்து ஆற்றிய பணி

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி, இடையிடையே சில விடுபாடுகளுடன், 1761 சனவரி வரை நீள்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியையும் தென்னிந்திய அரசியலையும் ஆராய்ந்தோர் அனைவரும் இந்நூலைச் சான்று மூலமாகக் கையாண்டுள்ளனர். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அதற்கு முன்பே 1894இல் ழூலியன் வின்சோன் ஒரு பகுதியைப் பிரெஞ்சில் தந்திருந்தார். தமிழ் மூலம் நூல்வடிவம் பெறத் தொடங்கியது 1948இல்தான். தமிழ் நூலொன்று தமிழில் அச்சேறுவதற்கு முன் இரண்டு ஐரோப்பிய மொழிகளில் வெளிவந்தமை, அது எந்த நோக்கில் படிக்கப்பட்டது என்பதைக் காட்டும். துய்ப்ளே என்ன செய்தார், நவாபு என்ன எழுதினார், சென்னைக் கோட்டை எவ்வாறு வீழ்ந்தது என்னும் வினாக்களுக்கே விடை தேடப்பட்டது. எழுதியவருக்கு அந்த எழுத்து என்ன செய்தது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படவில்லை.

இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இக்குறிப்பு எவருக்கும் அனுப்பப்பட்ட மடலன்று. அரசவையில் அரங்கேற்ற எழுதப்பட்ட நூலுமன்று. கும்பெனிக்கு அளித்த அறிக்கையும் அன்று. அதில் உள்ள சில செய்திகள் ஆளுநர் மாளிகைக்கு எட்டியிருந்தால் எழுதியவரின் பதவி மட்டுமன்று, உடைமையும் உயிரும் இடருக்கு உள்ளாகியிருக்கும். அவ்வாறிருந்தும் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எழுதினார். பின்வரும் தலைமுறைக்குச் செய்தி விட்டுச்செல்லும் விருப்பம் என்று மட்டும் கூறி இதனை விளக்க இயலாது. பகல் முழுதும் பிறர் சொற்களைச் சுமந்து திரிந்த ஒருவர், தம் எண்ணம் யாது என்பதைத் தாமே அறிந்துகொள்ளும் இடமாகவும் அந்த ஏடு அமைந்தது என்பதற்கு நூலுக்குள்ளேயே சான்றுகள் உள்ளன.

துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழியாளர் என்பது பொருள். ஆனந்தரங்கரின் பணியில் மொழிகள் இரண்டோடு நிற்கவில்லை. தமிழ், தெலுங்கு, போர்த்துகீசு, பிரெஞ்சு, பாரசீகம் ஆகியவற்றுக்கிடையே செய்திகள் நாள்தோறும் இடம்பெயர்ந்தன. ஆர்க்காட்டிலிருந்து வரும் பாரசீக ஓலைகளை மதனானந்த பண்டிதர் படிக்க, அவற்றின் கருத்தைத் துரைக்கு எடுத்துரைப்பதும், துரையின் மறுமொழியை நவாபுக்கு ஏற்ற மரியாதை நடையில் அமைக்கச் செய்வதும் பிள்ளையின் பொறுப்பு. வணிகர்க்குத் துரையின் சினத்தைத் தணித்துக் கூறவும், துரைக்கு வணிகரின் மனக்குறையை மெருகிட்டுக் கூறவும் வேண்டியிருந்தது. இத்தகைய பணியில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. இருப்பினும் அதனை வெளியிடாதிருப்பதே திறமையாகக் கருதப்பட்டது.

சொல் எத்துணை இடர் தரும் என்பதை அக்குடும்பம் நேரில் அறிந்திருந்தது. ஆனந்தரங்கரின் தந்தை திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை. அவர் புதுச்சேரியில் தலைமைத் தரகராக விளங்கியவர். 1716இல் அவர் கைது செய்யப்பட்டு, பலர் அறியக் கசையடி பெற்று, உடைமைகளை இழந்து, 1717இல் சிறையிலேயே இறந்தார். அவர்மீதான வழக்கில் தமிழ்ச் சாட்சியங்கள் பிறமொழிக்குப் பெயர்க்கப்பட்டே ஏடேறின. தீர்ப்பு பின்னர் நீக்கப்பட்டது. எனினும் மாண்டவர் மீளவில்லை. 1709இல் பிறந்த ஆனந்தரங்கருக்கு அப்போது ஏழு வயது. நாட்குறிப்பில் யார், எந்த இடத்தில், எவர் முன்னிலையில், என்ன சொன்னார் என்பதை அவர் அவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்வதற்கு இக்குடும்ப நினைவும் ஒரு காரணமாகலாம். இது ஊகமே, ஆயினும் நூலின் போக்கு அதற்கு இடந்தருகிறது.

நாட்குறிப்பின் மூல வடிவம் யாது என்பதும் கருதத்தக்கது. 1736இல் ஆனந்தரங்கர் துபாஷி அல்லர். இருபத்தேழு வயது வணிகர். அக்காலத் தமிழ் வணிகரிடம் அன்றாட வரவு செலவுகளை நிகழ்ந்த வரிசையில் எழுதும் நாள்வழியும், அவற்றை ஆள்வாரியாகவும் சரக்குவாரியாகவும் பிரித்தெழுதும் பேரேடும் வழக்கில் இருந்தன. நாள்வழி நிகழ்ச்சியின் ஏடு. பேரேடு உறவின் ஏடு. யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது நாள்வழியைப் புரட்டினால் தெரியாது. பேரேட்டில் ஏற்றிய பின்னரே தெரியும். காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதிவைப்பதாகப் பிள்ளை தொடக்கத்தில் கூறும் நோக்கம் நாள்வழிக்கு உரியதே. தமிழ் ஆண்டு, மாதம், கிழமை, அதற்கு நேரான ஐரோப்பியத் தேதி, பின்னர் செய்தி என்னும் அமைப்பும் வணிக ஏட்டின் ஒழுங்கை நினைவூட்டுகிறது. மரியாதைக்கு முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கையைக்கூட அவர் தவறவிடுவதில்லை. இக்கணக்குகளைச் சலிப்பூட்டுவன என்று கடந்துசெல்லும் வாசகர், எவருக்கு எத்தனை குண்டு என்பதே அந்நகரின் அதிகார அளவுகோல் என்பதைத் தவறவிடுவர்.

தமிழில் எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே குறிக்கும். ஒரு வணிகரின் நாட்குறிப்பைப் படிக்கும்போது இச்சொல்லொற்றுமை பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது.

நாள்வழி மெல்ல வேறொன்றாக மாறியதை அளவிலேயே காணலாம். ஆங்கிலப் பதிப்பின் முதல் தொகுதி ஏறத்தாழப் பத்து ஆண்டுக் குறிப்புகளை அடக்கியுள்ளது. இரண்டாம் தொகுதிக்கோ 1746இன் சில மாதங்களே போதுமானவை. இப்பெருக்கத்துக்குப் போர் ஒரு காரணம், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே காலத்தில் பிள்ளையின் சொந்த நிலையும் ஊசலாடியது. தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். அப்பதவி பிள்ளைக்குக் கிட்டும் என்று பலரும் எண்ணினர்; அவரும் எண்ணினார். ஆயினும் முறையான நியமனம் உடனே வரவில்லை. துய்ப்ளேயின் மனைவி அன்னபூர்ண ஐயனை முன்னிறுத்த முயன்றார். இறந்தவரின் குடும்பத்தாரும் உரிமை கோரினர். பணி அனைத்தையும் செய்துகொண்டு பதவி இன்றி நின்ற அந்த இடைக்காலத்தில்தான் குறிப்புகள் நீண்டன. உரையாடல்கள் முழுமையாக எழுதப்பட்டன. துரை கேட்டது, தாம் சொன்னது, அதற்குத் துரையின் முகம் மாறியது, பின்னர்த் தாம் பாக்குக் கிடங்குக்குத் திரும்பி அமர்ந்தது என்று ஒவ்வொன்றும் இடம்பெறுகிறது. இவற்றை மீண்டும் எழுதுவது, நிகழ்ந்ததை மறுமுறை நிகழ்த்தி அதன் பொருளைத் தேடுவதாகும். துரையின் ஒரு சொல்லில் இசைவு இருந்ததா, மறுப்பு இருந்ததா என்பது பேச்சின் விரைவில் பிடிபடாது. ஏட்டில் நிறுத்திப் பார்க்கும்போது பிடிபடலாம்.

எழுத்து சொற்களை நேரத்தின் ஓட்டத்திலிருந்து விடுவித்து அருகருகே நிறுத்துவதால் முரண்கள் கண்ணுக்குப் புலப்படுகின்றன என்று மானிடவியலாளர் ஜாக் கூடி 1977இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். எழுத்தறிவுள்ள சமூகத்தையும் அற்ற சமூகத்தையும் அவர் பிரித்த முறை பின்னர்க் கடுமையான எதிர்ப்பைப் பெற்றது. அப்பெரும் பிரிவினையை ஏற்காமலும், அருகருகே நிறுத்துதல் என்னும் கருத்தை மட்டும் இங்குப் பயன்கொள்ளலாம்.

கனகராய முதலியார் உயிரோடிருந்தபோது, 1745இல், உழவர்கரையில் தாம் கட்டிய தேவாலயத்தை ஒட்டி அளித்த விருந்து பற்றிய குறிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிராமணர், வேளாளர், கோமுட்டிகள், செட்டிகள் எனப் பல வகுப்பாரும் அழைக்கப்பட்டனர். அவரவர் ஆசாரத்துக்கு ஏற்பச் சமையலும் இடமும் வகுக்கப்பட்டன. ஐரோப்பியர்க்கும் விருந்து நடந்தது. குறிப்பின் முற்பகுதி முழுதும் நாள்வழியே: யார் வந்தனர், எங்கு உண்டனர், என்ன ஏற்பாடு. பின்னர் நடை மாறுகிறது. கிறித்தவ ஆலயத்துக்கு நடந்த விழா இந்துக்களின் முறையில் நடந்ததே என்று பிள்ளைக்கு உறுத்துகிறது. கிறித்தவர் தம் மதத்துக்குரிய விழாவைத் தம் மதத்தார்க்குரிய முறையில் நடத்தியிருந்தால் அது பொருந்தும். இதுவோ இரண்டு பக்கமும் சேராதது என்று அவர் எண்ணம் விரிகிறது. போட்டியாளரின் பெருமையைக் கண்ட பொறாமை இதில் இல்லை என்று கூற முடியாது. எனினும் பொறாமை ஒரு முணுமுணுப்போடு முடிந்திருக்கலாம். எழுதத் தொடங்கியதால் அது காரணம் கேட்கிறது. காரணம் தேடியபோது, ஒரு சடங்கு யாருக்கு உரியது, செலவு எப்போது புகழாகும் என்னும் பொதுவான வினாக்கள் எழுகின்றன. விருந்தினர் பட்டியலில் தொடங்கிய குறிப்பு மதிப்பீட்டில் முடிகிறது. நாள்வழியின் வரி பேரேட்டில் ஏறிவிட்டது எனலாம்.

1746 செப்டம்பர் 21இல் சென்னை லா பூர்தொனேயிடம் சரணடைந்தது. 11 இலட்சம் வராகன் ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவது அவர் செய்த உடன்படிக்கை. துய்ப்ளே அதனை ஏற்கவில்லை. இருவருக்குமிடையே கடிதங்களும் தூதுகளும் பறந்தன. அக்டோபரில் வீசிய புயல் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதைத்த பின்னரே அவர் சென்னையை விட்டகன்றார். இவ்வாரங்களில் பிள்ளை நாள்தோறும் துய்ப்ளேயின் கொந்தளிப்பைக் கண்டார். துரை குமுறியபோது அவர் கூறிய ஆறுதல்கள் யாவும் புகழுரைகள். அவற்றைத் தயக்கமின்றி முழுமையாக எழுதிவைக்கிறார். தாம் அவ்வாறு பேசியதை அவர் மறைப்பதுமில்லை; அதற்கு வருந்துவதுமில்லை. துபாஷியின் நாக்கு செய்ய வேண்டிய தொழில் அது. அதே ஏட்டில் தொழில் சாராத ஒரு சிந்தனையும் இடம்பெறுகிறது. எப்போதும் ஒற்றுமையாக இயங்கிவந்த ஐரோப்பியர் இப்போது இந்நாட்டாரையும் முகம்மதியரையும் போல நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டனர் என்பது அது.

இவ்வரியைப் பலரும் எடுத்தாண்டுள்ளனர்; ஐரோப்பியரின் பெருமிதம் குலைந்ததற்குச் சான்றாகவே அது பெரிதும் காட்டப்படுகிறது. ஆனால் அது எந்த இடத்தில் எழுந்தது என்பதே கூடுதல் கவனத்துக்குரியது. சபையில் இதனைச் சொல்லியிருக்க இயலாது. உறவினரிடம் சொல்லியிருக்கலாம், சொன்னதாகக் குறிப்பில்லை. ஒருவர் குமுறலையும் மற்றவர் பிடிவாதத்தையும் பல நாள் தனித்தனியே எழுதிவந்த பின்னரே, இரண்டையும் ஒன்றாகக் காணும் பார்வை பிறக்கிறது. அதுவரை ஐரோப்பியர், தமிழர், முகம்மதியர் என்னும் பிரிவுகள் இயல்புகளைக் குறிப்பனவாகவே நூலில் வந்தன. இங்கு அவை நிலைமைகளைக் குறிக்கத் தொடங்குகின்றன: ஒற்றுமை ஓரினத்தின் பிறவிக் குணமன்று; இழக்கத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு தமிழ் வணிகர் எட்டிய இம்முடிவு சிறியதன்று.

நூலின் மிகக் கனமான பகுதிகளுள் ஒன்று 1748 செப்டம்பர் மாதத்துக்குரியது. ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அக்கோயில் சம்பாக் கோயில் என்று வழங்கிய சேசு சபையாரின் ஆலயத்தை அடுத்து இருந்தது. 1746 மார்ச்சில் கோயிலுக்குள் புகுந்து நந்தியின்மீது அசுத்தம் ஊற்றப்பட்ட நிகழ்ச்சியையும் பிள்ளை உரிய நாளிலேயே பதிந்திருந்தார். இடிப்பு தொடங்கியதும் ஊர்ப் பெரியோர் அவரிடம் வந்து முறையிட்டனர். அவர் அவர்களுக்குத் தந்த அறிவுரை வீரம் பொருந்தியதன்று. திருவுருவங்களையும் கலங்களையும் எடுத்துச்சென்று காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அது. அதுவரை ஒற்றுமையாக நில்லாமல் இப்போது வந்து பயனில்லை என்று கடிந்தும் கொண்டார். நம்பிக்கைக்குரிய சைவத் தலமொன்று இடிக்கப்படும்போது துரையின் அணுக்கரான தலைமைத் துபாஷி ஒன்றும் செய்யாதிருந்தமைக்காகப் பின்வந்தோர் சிலர் அவரைக் குறை கூறுவர். அக்குறை முற்றிலும் நேர்மையற்றதன்று.

ஆயினும் குறிப்பில் அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். இடித்த கற்களைப் பற்றிய செய்தியோடு அவர் நிற்கவில்லை. ஐம்பதாண்டுக் காலத்தை அவர் பின்னோக்கிப் புரட்டுகிறார். குருமார் அவ்வளவு காலமாக இக்கோயிலை அகற்ற முயன்று வந்தனர். முந்தைய ஆளுநர்கள், அரசாணை இருந்தும், இதற்கு இணங்கவில்லை. இது தமிழரின் நாடு, கோயிலில் கைவைத்தால் பழி வரும், வணிகர் வாரார், பட்டணம் குன்றும் என்பன அவர்கள் கொண்ட காரணங்கள். துய்ப்ளேயோ மனைவியின் சொற்கேட்டு அதனைச் செய்தார். அந்த ஐம்பதாண்டுச் செய்திகள் யாவும் தனித்தனியே பலருக்குத் தெரிந்தவை. அவற்றை ஒரே பத்தியில் திரட்டியபோதே, கண்முன் நிகழும் இடிப்பு ஒரு நாள் கொடுமையாக இல்லாமல் ஆட்சிமுறை ஒன்றின் முறிவாகத் தெரிகிறது. முன்னோர் கோயிலைக் காத்தது சைவத்தின்மீது கொண்ட மதிப்பால் அன்று. வணிக நகரம் எதனால் நிலைக்கிறது என்னும் அறிவால். பிள்ளையின் வாதம் பக்தரின் புலம்பலாக அமையாமல் கணக்கரின் தீர்ப்பாக அமைந்தது இதனால்தான். தம் தலைவரைப் பற்றிய அவரது மதிப்பீடு இக்குறிப்புக்குப் பின் பழைய நிலைக்கு முழுமையாக மீண்டதாகத் தெரியவில்லை.

எழுத்து எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டது என்று கொள்வதும் பிழையாகும். துய்ப்ளேயின் மனைவியைப் பற்றிய குறிப்புகள் இதற்குச் சான்று. அவர் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேச அறிந்தவர். தமக்கென ஒற்றர்களை வைத்திருந்தார். துபாஷியின் வழியின்றி உள்ளூராரோடு நேரே பேசவல்ல ஒருவர், துபாஷியின் இருப்பையே தேவையற்றதாக்கும் ஆற்றலுடையவர். பிள்ளை இதனை எங்கும் இவ்வளவு வெளிப்படையாக ஆராய்ந்து எழுதவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அவர்மீதான வெறுப்பே தடித்து வளர்கிறது. நகரில் நேரும் தீங்கு பலவற்றுக்கும் அந்த அம்மையாரே வேர் எனப்படுகிறார். கோயில் இடிப்பைப் பற்றிய கூர்மையான பகுதியிலும் பழியின் இறுதி நுனி அங்கேதான் சென்று நிற்கிறது. ஆணையிட்ட ஆளுநரின் பங்கு அதனால் ஓரளவு மங்குகிறது. மீண்டும் மீண்டும் எழுதுவது ஓர் எண்ணத்தைச் சோதிக்கவும் கூடும், இறுக்கவும் கூடும். பிள்ளை தம் தலைவரைப் பற்றி எழுதியபோது முன்னது நிகழ்ந்தது. தலைவரின் மனைவியைப் பற்றி எழுதியபோது பின்னதே நிகழ்ந்தது. துரையை அவர் நாள்தோறும் நேரில் கண்டார். ஏட்டின் முடிவை மறுநாள் முகத்தோடு ஒப்பிட முடிந்தது. அம்மையாரைப் பற்றிய செய்திகளோ பெரிதும் பிறர் வாயிலாக வந்தவை. காதால் கேட்டதும் கண்ணால் கண்டதும் என்று தொடக்கத்தில் அவரே வகுத்த இரண்டும் ஒரே எடை உடையன அல்ல என்பது இங்கு வெளிப்படுகிறது.

நாளும் கோளும் பற்றிய குறிப்புகளையும் இவ்விடத்தில் தொட்டுச் செல்லலாம். ஒருவருக்குக் காலம் நன்றாயின் புத்தியும் நன்றாகும், காலம் கெட்டால் புத்தியும் கெடும் என்னும் நம்பிக்கை நூலெங்கும் உண்டு. இதனைச் சிந்தனைக்குத் தடையாகக் கருதுவோர் உளர். ஆனால் பல இடங்களில் பிள்ளை மனிதக் காரணங்களை எல்லாம் எழுதித் தீர்த்த பின்னரே கோள்களிடம் செல்கிறார்.

நடையைப் பற்றியும் ஒரு சொல். பேச்சுத் தமிழ், நிறுத்தற்குறியற்ற நீண்ட தொடர்கள், தமிழ் ஒலிக்கு இயையத் திரிந்த பிரெஞ்சு, போர்த்துகீசு, பாரசீகச் சொற்கள் ஆகியவை நிரம்பிய இந்நடையைக் கொச்சை என்று ஒதுக்கிய காலமும் உண்டு. அக்காலப் புலவர் உரைநடை உரையாசிரியர் மரபில் இறுகி நின்றது; அதில் ஒருவர் தம் ஐயத்தை எழுதிப் பார்க்க வழியில்லை. முடிவு தெரிந்தவரின் நடை அது. பிள்ளையின் தொடர்களோ முடிவு தெரியாமல் தொடங்குகின்றன. 'என்று சொன்னார்', 'அதற்கு நான் சொன்னது' என்று நீண்டு, எங்கோ ஓரிடத்தில் கருத்தைக் கண்டு நிற்கின்றன. 1660 முதல் 1669 வரை இலண்டனில் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பிசோடு அவரை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வொப்பீடு பாதியளவே பயன் தரும். பெப்பிசு தம் நாட்டு அரசின் அலுவலர். பிள்ளை பிறநாட்டுக் கும்பெனியின் நாவாக இருந்தவர். சொந்தக் குரலுக்கு ஏடு எவ்வளவு தேவைப்பட்டது என்பதில் இருவரும் ஒருநிலையினர் அல்லர்.

துய்ப்ளே 1754இல் நாடு திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல் பிள்ளையின் பதவியும் போயிற்று. உடல்நலமும் செல்வமும் குன்றிய அவ்வாண்டுகளிலும் எழுதுவதை அவர் விடவில்லை. மொழிபெயர்க்க ஒரு துரையும் இல்லாத நிலையில், லல்லியின் ஆட்சியையும் நகரின் சீர்குலைவையும் அவர் வெளியே நின்று காண்கிறார். 1761 சனவரி 12இல், ஆங்கிலேயர் முற்றுகையால் நகரம் பட்டினியில் வாடியபோது, அவர் இறந்தார். நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி சரணடைந்தது. அவர் குடும்பத்தில் திருவேங்கடம் பிள்ளை குறிப்பெழுதும் வழக்கத்தைத் தொடர்ந்தார். இரண்டாம் வீராநாயக்கரின் 1778 முதல் 1792 வரையிலான நாட்குறிப்பும் அந்நகரிலிருந்தே கிடைத்துள்ளது. ஆனந்தரங்கரின் ஏடுகள் அவர் மரபினர் இல்லத்தில் இருந்தன. 1846இல் கல்லுவா மோம்பிரான் அவற்றைக் கண்டு படியெடுக்கும் வரை வெளியுலகம் அவற்றை அறியவில்லை.